‘நான்’ என்னும் இயக்கம்

‘நான்’ என்னும் சொல்லை ஒரு நாளில் எத்தனை முறை கூறுகிறோம் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அச்சொல்லைக் கற்பிக்கும் பொறுப்புத் தமிழாசிரியராகிய நம்மிடமே உள்ளது. தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடங்களையும் பலகையில் எழுதி, ‘நான்’ என்பது தன்மை ஒருமை என்று கூறி, எடுத்துக்காட்டாக இரண்டு வாக்கியங்களையும் தந்துவிட்டால் பாடம் முடிந்தது. மாணவர்க்கு அதில் ஐயம் எழுவதில்லை. நமக்கும் எழுவதில்லை. இலக்கணத்தில் இவ்வளவு எளிதாக முடிந்துவிடும் இச்சொல், வகுப்பறைக்கு வெளியே வந்ததும் அறிஞர் பலரை நூற்றாண்டுக் கணக்கில் உறங்கவிடாமல் செய்திருக்கிறது.

இச்சொல்லிடம் இரண்டு விந்தைகளைக் காண்கிறேன். ‘மேசை’ என்று யார் கூறினாலும் அது மேசையையே குறிக்கும். ஆனால் முப்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில் முப்பது பேரும் ‘நான்’ என்று கூறினால், அச்சொல் முப்பது பேரைக் குறிக்கும். கூறுவோரை விட்டால் அதற்கு வேறு பொருள் இல்லை. இஃது ஒரு விந்தை. மற்றொன்று, அது வேற்றுமை உருபை ஏற்பதில்லை. ‘நானை’ என்றோ ‘நானுக்கு’ என்றோ கூறுவார் இலர். உருபு வந்து சேருமுன்பே ‘நான்’ மறைந்து, ‘என்’ அவ்விடத்தில் வந்து நின்றுவிடுகிறது. செய்பவனாக நிற்கும் வரையில்தான் ‘நான்’. அதையே செயப்படுபொருளாக்கிப் பார்க்க முயன்றால் ‘என்னை’ ஆகிவிடுகிறது. நம் முன்னோர் மெய்ப்பொருள் கருதி இவ்வாறு வகுத்தனர் என்று வாதிட மாட்டேன். ஆங்கிலத்திலும் இத்தகைய மாற்றம் உண்டு. மலாய் மொழியிலோ ‘சாயா’ எங்கு நின்றாலும் ‘சாயா’தான். ஆயினும், பார்க்க முயன்றவுடன் வடிவம் மாறிவிடும் ஒன்றைத் தமிழ்ப்பிள்ளை ஒவ்வொருவனும் ஐந்து வயதிலேயே பிழையின்றி ஆள்கிறான் என்பது எண்ணத்தக்கது.

‘நான் யார்’ என்னும் வினா நமக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்களைக் கொண்டது. அதன் மூன்றாம் நூற்பா இவ்வினாவுக்கே உரியது. உடலா, ஐம்பொறிகளா, உயிர்க்காற்றா என்று ஒவ்வொன்றாக எடுத்து விலக்கிக்கொண்டே செல்கிறது அது. ‘என் உடல்’ என்று நாம் கூறுகிறோம் அல்லவா? உடைமை வேறு, உடையவன் வேறு என்பது அதன் வாதங்களுள் ஒன்று. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்றுமே இல்லை என்று முடிப்பாரை நோக்கி, அங்ஙனம் இல்லை என்பதற்கும் ஒன்று இருக்கிறதே, அஃது எது என்று கேட்பது மற்றொன்று. மறுபுறம், நமக்கு மணிமேகலையைத் தந்த பௌத்த மரபு, மாறாது நிற்கும் ‘நான்’ என ஒன்று இல்லை, கணந்தோறும் தோன்றி மறையும் நிகழ்ச்சிகளின் தொடர்ச்சிக்கே அப்பெயரை இட்டிருக்கிறோம் என்னும். இவ்விரு தரப்பாரின் வழக்கும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. கணினித்துறை நமக்குச் சில கூர்மையான வேறுபாடுகளைத் தந்திருக்கிறது. அவற்றின் துணைகொண்டு பழைய வினாவைக் கேட்டால் குழப்பம் சிறிது குறைகிறது என்பதே நான் சொல்ல வருவது. மனிதன் ஒரு கணினியே என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. தொலைபேசி வந்த காலத்தில் மூளையைத் தொலைபேசி இணைப்பகம் என்றனர். கணினி வந்த காலத்தில் கணினி என்கின்றனர். புதிய கருவி எது வந்தாலும் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்வது மனித இயல்பு போலும். கண்ணாடியில் தெரிவது முகமன்று. ஆயினும் நெற்றியில் ஒட்டியுள்ள கரியைக் கண்ணாடியைக் கொண்டுதானே துடைத்துக்கொள்கிறோம்?

நம் தொடக்கப்பள்ளிகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தில் நிரலாக்கமும் இடம்பெற்றிருப்பதைப் படிநிலை இரண்டில் கற்பிப்போர் அறிவர். அதற்கு உதவும் மென்பொருள்களுள் ஒன்று ‘ஸ்கிராட்ச்’. அமெரிக்காவில் உள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007இல் வெளியிட்டது அது. கட்டளைகள் பொறித்த வண்ணக் கட்டைகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், ஒரு பூனை அதன்படி நடக்கும், திரும்பும், பேசும். ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்தமையால் அவ்வகுப்பை நான் பார்த்துக்கொண்ட ஒரு நாளில், மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, பூனை எங்கே இருக்கிறது? இந்தக் கட்டைகளுக்குள்ளேயா, கணினிக்குள்ளேயா?” என்று கேட்டாள். நான் விடை தேடிக்கொண்டிருந்தபோதே, அருகிலிருந்த சிறுவன், “இரண்டிலும் இல்லை. கணினியை அடைத்துவிட்டால் கட்டைகள் அப்படியேதான் இருக்கும், கணினியும் இருக்கும். பூனைதான் நடக்காது” என்றான்.

அச்சிறுவன் விளையாட்டாகக் கூறியது கணினித்துறையின் அடிப்படை வேறுபாடுகளுள் ஒன்று. நிரல் வேறு; நிரலின் இயக்கம் வேறு. நிரல் என்பது எழுதி வைத்த கட்டளை வரிசை. அது வட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம், கிடக்கும்போது எதுவும் செய்யாது. இயக்கம் என்பது அக்கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, இடையில் ஒவ்வொரு நொடியிலும் ஒரு நிலை உண்டு. திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டியில் இரு மாணவர் ஒரே அதிகாரத்தை ஒப்புவித்தால் நூல் ஒன்றுதான், ஒப்புவித்தல் இரண்டு. ஒருவன் நடுவே மறந்து நின்றால் மற்றவன் நிற்பதில்லை.

அன்று மாணவர்கள் அடுத்தடுத்த இரு கணினிகளில் ஒரே கட்டை அடுக்கை அமைத்துப் பார்த்தனர். தொடக்கத்தில் இரண்டு பூனைகளும் ஓரடி பிசகாமல் ஒன்றுபோல் நடந்தன. பிறகு ஒரு கணினியில் ஒருவன் விசையை அழுத்தி மதிப்பெண்ணைக் கூட்டினான். மற்றொன்றில் ஒருத்தி பூனையைச் சுவரில் மோதவிட்டாள். ஐந்து நிமிடத்தில் ஒன்றுக்கு மதிப்பெண் நாற்பது, மற்றொன்றுக்குச் சுழியம். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரு கருவில் பிறந்த இரட்டையரை வகுப்பில் வைத்துக் கற்பித்தவர்க்கு இது வியப்பாக இராது.

இங்கே ஒன்றை இடையில் கூற விழைகிறேன். மாணவன் பள்ளிக்கு வருமுன்பே அவனைப் பற்றிய பதிவுகள் வந்துவிடுகின்றன. அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்கள், முன்னைய மதிப்பெண்கள், ‘பின்தங்கியவன்’ என்னும் குறிப்பு. அவை ஏதோ ஒரு நாளில் அவன் இருந்த நிலையின் பதிவுகள். பதிவை வைத்துக்கொண்டு பையனை அறிந்துவிட்டதாக எண்ணும் ஆசிரியர், நிறுத்தி வைத்த படத்தைப் பார்த்துவிட்டு ஓட்டப்பந்தயத்தின் முடிவைக் கூறுபவர் ஆவார். இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது வினாவுக்குத் திரும்புவோம்.

கணக்கிடுதல் என்றால் என்ன என்பதை 1936இல் வரையறுத்துக் காட்டியவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேய இளைஞர். அக்காலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் கருவியைக் குறிக்கவில்லை. அமர்ந்து கணக்குப் போடும் மனிதரையே குறித்தது. டூரிங்கும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்துள்ள ஒருவரை மனத்திற்கொண்டே தம் கற்பனைப் பொறியை வகுத்தார். மனிதனைக் கணினிக்கு ஒப்பிடுதல் இழிவு என்று சினப்போர், முதலில் கணினியே மனிதனுக்கு ஒப்பாக வகுக்கப்பட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அக்கட்டுரையின் தலையாய கருத்துப் ‘பொதுப்பொறி’. அதற்கெனத் தனித்தொழில் இல்லை. வேறொரு பொறியின் விவரத்தை அதன் நாடாவில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அப்பொறியாகவே நடந்துகொள்ளும். நம் கையிலுள்ள கைப்பேசி இப்போது தட்டச்சுப்பொறியாகவும், அடுத்த நொடியில் வானொலியாகவும், பிறகு அகராதியாகவும் மாறுவது இக்கருத்தின் பயனே. இதைப் படித்தபோது சைவ சித்தாந்தம் கற்ற எவர்க்கும் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்னும் தொடர் நினைவுக்கு வந்தே தீரும். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் தான் சார்ந்ததன் இயல்பை அடையும் என்பது அக்கொள்கை. ஒப்புமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. சித்தாந்தம் கூறும் உயிர், அறிவிக்க அறியும் பொருள். பொறியோ, எதைச் சார்ந்தபோதும் தான் சார்ந்திருப்பதை அறிந்ததாகத் தெரியவில்லை. அப்படியாயினும், நிலையான வடிவம் இல்லாத ஒன்று இல்லாத பொருளாகிவிடாது என்பதைக் கல்லும் இரும்பும் கொண்டு காட்ட முடிந்தது டூரிங்குக்குப் பிறகுதான்.

தமிழாசிரியராகிய நமக்கு இதைவிட அணுக்கமான சான்று ஒன்று உண்டு. கணினியில் எழுத்துகள் எண்களாகவே வைக்கப்படுகின்றன. ஒருங்குறி முறையில் ‘அ’ என்பதன் எண் 2949. ‘க’ என்பதன் எண் 2965. ‘க்’ என்பதற்கோ தனியெண் இல்லை; ‘க’வின் எண்ணை அடுத்துப் புள்ளிக்குரிய 3021 வரும். மெய்யோடு அகரம் சேர உயிர்மெய் பிறக்கும் என்று நாம் கற்பிக்க, கணினியோ உயிர்மெய்யிலிருந்து உயிரை நீக்கி மெய்யைப் பெறுகிறது. இலக்கணம் கற்றோர்க்கு இது சற்று உறுத்தவே செய்யும். ஆயினும் கையால் எழுதும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். ‘க’வை எழுதி அதன்மேல் புள்ளி வைத்த பிறகுதானே ‘க்’ ஆகிறது?

இனி அந்தக் ‘க’வை உற்று நோக்குங்கள். ‘கா’வில் ஆகாரத்துக்குக் கால் உண்டு. ‘கெ’யில் எகரத்துக்குக் கொம்பு உண்டு. ‘க’வில் அகரத்துக்கு என்ன அடையாளம் உண்டு? ஒன்றுமில்லை. வரிவடிவத்தை எவ்வளவு தேடினாலும் அகரம் அங்கே அகப்படாது. அகரமே இல்லை என்று கூறிவிடலாமா என்றால், வாயைத் திறந்து படித்தவுடன் அது வந்து நிற்கிறது. மெய்களின் இயக்கம் அகரத்தோடு கூடியே நிகழும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ‘இயக்கம்’ என்பதும் அவர் ஆண்ட சொல்லே. நிரல் ஓடுவதைக் குறிக்க இன்று நாம் தேர்ந்துகொண்டதும் அதே சொல். எழுத்துக்கு உயிர் என்றும் மெய் என்றும் பெயரிட்டவர்கள், உயிர் இருக்கும் இடம் எது என்பதைப் பற்றியும் ஏதோ எண்ணியிருப்பார்கள் என்றே கருதுகிறேன். ‘நான்’ என்பதும் ‘க’வில் உள்ள அகரம்போல் ஒலிக்கும்போது உள்ளது, நிறுத்தி வைத்துத் தேடினால் கிடைப்பதில்லை.

ஒன்றைத் தவிர்த்துச் செல்ல இயலாது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ‘சாட்ஜிபிடி’ பொதுமக்கள் கைக்கு வந்தது முதல், தமிழிலேயே ‘நான்’ என்று பேசும் பொறிகளை நம் மாணவர் வீட்டிலேயே காண்கின்றனர். இம்மயக்கம் இன்று பிறந்ததன்று. 1966இல் ஜோசப் வைசன்பாம் என்பார் ‘எலிசா’ என்னும் சிறு நிரலை வெளியிட்டார். பேசுவோரின் சொற்களையே திருப்பி வினாவாக்குவதன்றி அது பெரிதாக எதுவும் செய்யவில்லை. அப்படியிருந்தும், அது வெறும் நிரல் என்பதை அறிந்த தம் செயலாளரே அதனோடு தனித்து உரையாட வேண்டித் தம்மை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார் என்று அவர் பின்னாளில் எழுதினார். தன்மை விகுதியைப் பிழையறப் பொருத்துவது ஒன்று, தன்மை உடையதாய் இருப்பது வேறொன்று. இன்றைய பொறிகளைப் பற்றி இதற்குமேல் உறுதியாகக் கூறுவோரை, அவர் எத்தரப்பினராயினும், நான் சற்று ஐயத்தோடுதான் கேட்கிறேன்.

இவையெல்லாம் எனக்கு ஓய்வு நேரத்துச் சிந்தனைகளாகவே இருந்திருக்கும். எனக்குத் தோட்டப்பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர் மறதிநோய்க்கு ஆளானபின் அவ்வாறு இருக்கவில்லை.

அவர்க்கு எண்பது வயது கடந்துவிட்டது. பேராக் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் மகனுடைய வீட்டில் இருக்கிறார். முதலில் மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்தது. பிறகு கடைக்குப் போன வழி மறந்தது. பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு நாள் நான் சென்றபோது, யாரோ கல்வி இலாகா அலுவலர் வந்திருப்பதாக எண்ணி எழுந்து நிற்க முயன்றார். அன்று முதல் நான் யார் என்பதை விளக்குவதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் நாளிதழ் ஒன்றை வாங்கிச் சென்று அவர் அருகில் அமர்ந்து உரக்கப் படிப்பேன். அவர் கண்களை மூடிக்கொண்டு இருப்பார். கேட்கிறாரா, உறங்குகிறாரா என்பது தெரியாது.

அத்தகைய ஒரு ஞாயிறன்று, தொழிலாளர் பற்றிய செய்தி ஒன்றில் ‘கோரிக்கையை பரிசீலிக்க’ என்று அச்சாகியிருந்தது. அச்சிலிருந்தபடியே படித்தேன்.

“கோரிக்கையைப்” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

நான் படிப்பதை நிறுத்தினேன்.

“இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்து நிற்கிறது. வல்லினம் மிக வேண்டாவா, தம்பி? நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?”

தம் வாழ்நாளில் அவர் என்னை ‘நீங்கள்’ என்று அழைத்தது அந்நோய்க்குப் பிறகுதான். தோட்டப்பள்ளியின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் சற்று மலர்ந்தது.

“நல்ல பள்ளி. அங்கே தமிழ் நடத்தியவர் ஒருவர் இருந்தார். கண்டிப்பானவர். பிள்ளைகளை மிகவும் அடிப்பார்.” சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவ்வளவு அடித்திருக்க வேண்டியதில்லை” என்றார்.

அப்பள்ளியில் அக்காலத்தில் தமிழ் நடத்தியவர் அவர் ஒருவரே.

விடைபெற்று வெளியே வந்தபோது, அவருடைய மகன் வாயிற்கதவு வரையில் உடன் வந்தார். “அண்ணே, நீங்கள் ஒவ்வொரு வாரமும் இவ்வளவு தூரம் வருவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அப்பா போய்விட்டார், அண்ணே. உடம்புதான் இருக்கிறது” என்றார். அவர் அன்பில்லாமல் கூறவில்லை. தந்தையை நாள்தோறும் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் எழுந்து கதவைத் தாழிட்டு வைப்பவர் அவரே. களைத்துப்போன ஒருவர் உண்மை என்று தமக்குப் பட்டதைக் கூறினார். அதற்கு அன்று நான் விடை கூறவில்லை. ஆயினும் ஈப்போ நெடுஞ்சாலையில் வண்டியோட்டிக்கொண்டு வந்தபோது, அவர் கூறியது சரியா என்பதையே எண்ணிக்கொண்டு வந்தேன். ‘அப்பா’ என்று அவர் குறித்தது எதை? எது போய்விட்டது? எது இருக்கிறது?

நினைவு என்பது பொருள்களை அடுக்கி வைத்த கிடங்கு என்பதே பலருடைய எண்ணம். கிடங்கு எரிந்தால் வணிகர் இல்லை என்று முடித்துவிடுகிறோம். ஆனால் 1932இலேயே, கேம்பிரிட்ஜ் உளவியலறிஞர் ஃபிரடெரிக் பார்ட்லெட், ஒரு கதையைப் படித்தவர்கள் அதை மீண்டும் கூறும்போது அறியாமலே தமக்கேற்றவாறு மாற்றிக் கட்டிவிடுகின்றனர் என்பதைக் காட்டினார். கணினியில் ஒரு கோப்பை ஆயிரம் முறை திறந்தாலும் அதிலுள்ள எழுத்து மாறாது. மனிதர் நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்குகிறார். நம்மிடம் உள்ளது ஏடு என்பதைவிட ஏடெழுதும் கை என்பதே பொருந்தும்.

மற்றொரு சான்றும் உண்டு. அமெரிக்கரான ஹென்றி மொலேசனுக்கு, வலிப்பு நோயைத் தணிக்கும்பொருட்டு 1953இல் மூளையில் அறுவை மருத்துவம் செய்தனர். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை. 2008இல் இறக்கும்வரை அந்நிலையே. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு விண்மீன் வடிவத்தைக் கோடு பிசகாமல் வரையும் பயிற்சியைக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை திருந்தியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அப்பயிற்சியை அன்றுதான் முதன்முறையாகக் காண்பதாகவே எண்ணினார். செய்தியை வைத்திருக்கும் நினைவு ஒன்று, செய்யும் முறையை வைத்திருக்கும் நினைவு மற்றொன்று என்பது இதனால் விளங்கிற்று. என் ஆசிரியரிடமும் மகன் பெயர் போய்விட்டது. இரண்டாம் வேற்றுமை போகவில்லை.

ஆனால் என்னை மிகவும் வருத்தியது இலக்கணம் அன்று, அவர் தம்மைப் பற்றிப் படர்க்கையில் பேசியது. கணினியில் ஒரு கோப்பை அழித்துவிடுமாறு கட்டளையிட்டால், பொதுவாக வட்டிலுள்ள எழுத்துகள் உடனே அழிவதில்லை. அக்கோப்பு இன்ன இடத்தில் உள்ளது என்று பட்டியலில் காட்டும் குறிப்பே நீக்கப்படுகிறது. அவ்விடத்தில் வேறு எதுவும் எழுதப்படும்வரை உள்ளே இருந்தது அப்படியே கிடக்கும். அழிந்த கோப்புகளை மீட்டுத் தருவோரின் தொழில் இதைக் கொண்டே நடைபெறுகிறது. அந்தக் கண்டிப்பான தமிழாசிரியர் என் ஆசிரியரின் நினைவில் இருந்தார். பிரம்பும் இருந்தது. ‘நான்’ என்னும் சொல்லிலிருந்து அவரிடம் செல்லும் வழிதான் அறுபட்டிருந்தது. இவ்வுவமை முற்றும் பொருந்தாது என்பதை மறைக்க மாட்டேன். மறதிநோயில் மூளையின் உயிரணுக்களே அழிகின்றன. வழி மட்டும் அறுவதில்லை. மேலும், வன்பொருள் இது, மென்பொருள் இது என்று பிரித்து வைக்கும் வசதி உடலில் இல்லை. மூளையில் நினைவும் இயக்கமும் ஒரே பின்னலின் இழைகள்.

ஆயினும் அன்று அங்கே பேசியது யார்? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாம் செய்ததை எடுத்து எடைபோட்டு, மிகையென்று கண்டு, வருந்தியது எது? யாரைப் பற்றிக் கூறுகிறோம் என்பதை அது அறியவில்லை. அதனால் தன்னைக் காத்துக்கொள்ளும் தேவையும் அதற்கு இருக்கவில்லை. பதிவு போய்விட்டது என்பது உண்மை. பெயர் போய்விட்டது என்பதும் உண்மை. எடைபோடும் இயக்கம் நிற்கவில்லை. அந்த இயக்கத்தையே நான் பத்து வயதில் ‘ஐயா’ என்று அழைத்தேன் என்பது என் துணிபு.

டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் என்னும் அமெரிக்க அறிஞர், ‘நான்’ என்பது தன்னையே சுட்டித் தன்மேலேயே திரும்பும் ஒரு வளையம் என்று 1979இல் வெளிவந்த பெருநூலில் விளக்கத் தொடங்கி, 2007இல் வெளிவந்த மற்றொரு நூலில் அதை விரித்துரைத்தார். இவ்விரு நூல்களுக்கும் இடையே, 1993இல், அவருடைய மனைவி இறந்துவிட்டார். ஒருவரை நெருங்கி அறிந்தவரின் மூளையிலும் அவருடைய ‘நான்’ சிறிய, மங்கலான அளவில் இயங்குகிறது; ஆதலால் அவர் முற்றும் அழிவதில்லை என்று பின்னைய நூலில் அவர் எழுதுகிறார். ஆசிரியர்களுக்கு இனிக்கும் கருத்து இது. நான் ஒற்றுப்பிழையைக் கண்டு முகம் சுளிக்கும்போது, என் ஆசிரியரே சுளிக்கிறார் என்று கூறிக்கொள்ளலாம். ஆனால் என்னால் அதை முழுதும் ஏற்க இயலவில்லை. என்னுள் இயங்கும் அவர்க்குப் பசிப்பதில்லை. மாலை நேரத்தில் அச்சம் வருவதில்லை. அங்கே நாற்காலியில் அமர்ந்திருப்பவர்க்கு அவை இரண்டும் வருகின்றன. படி எத்துணைச் சிறந்ததாயினும், படியைக் காரணம் காட்டி மூலத்தைக் கைவிடுதல் தகாது.

சில வாரங்கள் கழித்து அவ்வூர்க் காப்பிக்கடையில் மகனோடு அமர்ந்திருந்தபோது, பள்ளியில் மாணவர் நடத்திய பூனையின் கதையிலிருந்து தொடங்கி இவற்றைக் கூறினேன். அவர் வண்டி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர். இயந்திரம் ஓடுவதற்கும் ஓடாமல் கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்க்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நெடுநேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா அடித்ததைப் பற்றி அப்படியா சொன்னார்?” என்று கேட்டார்.

“ஆம். நீங்கள் அன்று உள்ளே இருந்தீர்கள்.”

“என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அண்ணே” என்றார்.

இப்போது வார நாள்களில் மாலையில் அவரே நாளிதழைப் படித்துக் காட்டுகிறார். அவர் தமிழ் படித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அச்சிலுள்ள பிழையோடு தம் பிழைகளையும் சேர்த்தே படிக்கிறார். பெரியவர்க்கு ஓய்வே இல்லை.